டிரையர் சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை. டர்பன் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

கயல், சாட்ஸ்வொர்த்

வணக்கம் எல்லோருக்கும். எங்கள் வீட்டு டிரையர் ஆறு கிலோ, திருகுகிற டைமர் வைத்த மாடல், ஈரக் காற்றைப் பின்பக்கக் குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே தள்ளுகிற வகை. போன வாரம் வரை ஓடியது. இப்போது டிரம் சுற்றுகிறது, மோட்டார் சத்தம் எப்போதும் போலவே இருக்கிறது, ஆனால் ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கதவைத் திறந்தால் துணி ஈரமாக ஜில்லென்று கிடக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் கோடையில் வருகிற தை மாதம் டர்பனில் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் வெயில், மதியம் புழுக்கம், சாயங்காலம் மழை, கொடியில் போட்ட துணி இரண்டு நாள் ஆனாலும் காயாமல் ஒரு வாடை வந்துவிடுகிறது. பள்ளி வேறு திறந்துவிட்டது. பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் ஆளுக்கு இரண்டு செட்தான். காவடிக்கு மாமனார் உடுத்த வேண்டிய மஞ்சள் வேட்டியும் ஈரமாகவே நாற்காலியில் தொங்குகிறது.

பழுதுபார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டேன். மாடல் என்ன என்றுகூடக் கேட்காமல் போனிலேயே "எலிமென்ட் போயிருக்கும், சரிபண்ணுவதற்குப் புதிதே வாங்கிவிடலாம்" என்றார். எலிமென்ட் என்றால் சூடு தருகிற சுருள். பார்க்காமலே எப்படிச் சொல்கிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வீடியோவில் டிரையருக்கு இரண்டு பிரேக்கர் இருக்கும், அதில் ஒன்று விழுந்திருக்கும் என்று காட்டினார்கள். எங்கள் டிபி போர்டில், அதாவது பிரேக்கர் பெட்டியில், பிளக்குகளுக்கு ஒரே ஒரு பிரேக்கர்தான், அது மேலேதான் நிற்கிறது.

தம்பி விட்டுப்போன மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது, பேட்டரி எந்தப் பக்கம், வயர் எந்தப் பக்கம் என்ற அளவுக்குத் தெரியும். நானே திறந்து பார்க்கலாமா, இல்லை ஆபத்தா? ஃபில்டரில் பஞ்சுத்தூசி இல்லை, ஒவ்வொரு தடவையும் எடுத்துவிடுவேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூடு நிற்பதற்கு முன்னால் சில வாரமாகவே துணி காய அதிக நேரம் எடுத்தது. முன்பெல்லாம் ஒரு சுற்றில் காய்ந்த துண்டுகளுக்கு இரண்டாம் சுற்று போட வேண்டியிருந்தது. மழைக்காலம் என்பதால் என்று நினைத்துக்கொண்டோம்.

பீனிக்ஸ்வாசி

கயல், எதையும் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். டைமருக்குப் பக்கத்தில் சூடு அதிகம், குறைவு, வெறும் காற்று என்று இன்னொரு குமிழ் இருக்கலாம், துணி போடும்போது கை பட்டுத் திரும்பியிருக்கும். இரண்டாவது, டைமரின் கடைசிப் பத்து நிமிடத்தில் சூடு வராது, துணியை ஆறவைப்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். டைமரை முழுதாகத் திருகி வைத்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரு எளிய சோதனை, ஸ்பேனரே வேண்டாம். வீட்டு மின்சார மீட்டரில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள், பல மீட்டர்களில் 1000. கீசர், பிரிட்ஜ், கெட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டிரையரை மட்டும் போடுங்கள். எலிமென்ட் எரிந்தால் நிமிடத்துக்கு 40 தடவை போலச் சிமிட்டும். மோட்டார் மட்டும் ஓடினால் நிமிடத்துக்கு நாலோ ஐந்தோதான். சூடு குறைந்திருக்கிறதா, அடியோடு இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும். மீட்டர் தெருக் கம்பத்துப் பெட்டிக்குள் இருந்தால் இது முடியாது, ஏறிப் பார்க்கவெல்லாம் போகாதீர்கள்.

கயல், சாட்ஸ்வொர்த்

நன்றி அண்ணா. குமிழ் அதிகச் சூட்டில்தான் இருக்கிறது. மீட்டர் வீட்டுக்குள்தான், பிள்ளைகளை எண்ணச் சொன்னேன், நிமிடத்துக்கு நாலு. டிரையரை அணைத்தால் அதுவும் நின்றுவிடுகிறது. ஆக எலிமென்ட் சுத்தமாக எரியவில்லை.

ஸ்பேனர், ஐசிபிங்கோ

தங்கச்சி, நாலு என்றால் மோட்டார் மட்டும்தான் ஓடுகிறது, விஷயம் தெளிவு. வீட்டிலேயே பார்த்துவிடலாம், கொஞ்சம் நிதானம் வேண்டும், அவ்வளவுதான். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வீடியோ. அது அமெரிக்க வீடியோவாக இருக்கும். அங்கே வீட்டுக்கு 120 வோல்ட் கம்பிகள் இரண்டு வருகின்றன. டிரையரின் மோட்டார் ஒரு கம்பிக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 120-இல் ஓடும், எலிமென்ட் இரண்டு கம்பிக்கும் நடுவில் 240-இல் எரியும். அதனால் ஒரு பக்கத்து பிரேக்கர் விழுந்தாலும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், சூடு மட்டும் போய்விடும். அங்கே கேஸில் எரிகிற டிரையரும் உண்டு, அதற்கு வேறு கதை. நமக்கு வருவது 230 வோல்ட், ஒரே பேஸ், ஒரே பிளக். நம் பிரேக்கர் விழுந்தால் மெஷின் மொத்தமாகச் செத்துவிடும். உங்களுக்கு மோட்டார் ஓடுகிறது என்பதே பிளக் வரை மின்சாரம் சரியாக வருகிறது என்பதற்குச் சாட்சி. பழுது மெஷினுக்குள்தான்.

உள்ளே சூடு வருகிற பாதை ஒரே வரிசை. டைமருக்குள் இருக்கும் ஒரு தொடர்பு, அதற்கடுத்து வழக்கமாகச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், அதற்கடுத்து அளவு மீறினால் வெட்டிவிடுகிற பாதுகாப்புக் கட்-அவுட், கடைசியில் எலிமென்ட். எது ஒன்று அறுந்தாலும் சூடு வராது. அறிகுறி எல்லாவற்றுக்கும் ஒன்றே, அதனால் போனில் கேட்டுவிட்டு எலிமென்ட்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. என் அனுபவத்தில், துணி காய நேரம் கூடிக்கொண்டே போய் அப்புறம் சூடு நின்றது என்று ஒருவர் சொன்னால் நான் எலிமென்ட்டை நினைக்க மாட்டேன், கட்-அவுட்டைத்தான் நினைப்பேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது வேலை. சுவர் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி உங்கள் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள், வீட்டில் யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது. மெஷின் ஓடியிருந்தால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பின்பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றுங்கள். உள் விளிம்பெல்லாம் பிளேடு மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொண்டே செய்யுங்கள், நான் பார்த்த காயங்களில் பாதிக்கு மேல் ஷாக்கினால் வந்தவை அல்ல, தகடு வெட்டியதுதான். மோட்டார் பக்கத்தில் உருளையாக ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், பிளக்கை எடுத்த பிறகும் அதில் கொஞ்சம் மின்சாரம் தங்கலாம், அதன் பக்கம் போகவே வேண்டாம். எந்த வயரையும் பிடுங்குவதற்கு முன்னால் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எலிமென்ட் தகரப் பெட்டிக்குள் இருக்கும், டிரம்முக்குப் பின்னால் பெரிதாகத் தெரியும். அந்தப் பெட்டி மேலும் அதை ஒட்டியும் நாணயம் அளவில் வட்டமாக இரண்டு மூன்று சாமான் திருகியிருக்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு வயர். அவைதான் தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும். சிலவற்றின் நடுவில் சின்னதாக ஒரு பொத்தான் துருத்திக்கொண்டிருக்கும், அது அழுத்தினால் மறுபடி சேர்ந்துகொள்கிற வகை. பொத்தான் இல்லாதவற்றில் சில ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான்.

மல்டிமீட்டரைப் பீப் சத்தம் வருகிற இடத்தில் வைத்து, முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், பீப் வர வேண்டும். அப்புறம் அளக்க வேண்டிய சாமானில் ஒரு வயரையாவது கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வழியாகச் சுற்றிவந்து பொய்க் கணக்கு காட்டும். ஆறிய நிலையில் நல்ல தெர்மோஸ்டாட்டும் நல்ல கட்-அவுட்டும் பீப் அடிக்கும். அடிக்காததுதான் குற்றவாளி. ஒன்றில் மட்டும் கவனம்: சில மாடல்களில் காற்றுப் பாதையில் ஒரு வெப்ப சென்சார் இருக்கும், அது ஆயிரக்கணக்கான ஓம் மின்தடை காட்டும், நன்றாக இருந்தாலும் பீப் அடிக்காது. அதைப் பழுது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எலிமென்ட்டுக்கு மீட்டரை ஓம்ஸில் வையுங்கள். 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900, அதை எலிமென்ட்டின் வாட்டால் வகுத்தால் இருக்க வேண்டிய ஓம் வந்துவிடும். 2000 வாட் என்றால் 26 ஓம் போல, 2300 என்றால் 23, 2500 என்றால் 21. ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்தால் கவலையில்லை. சில மெஷினில் அரைச் சூட்டுக்கும் முழுச் சூட்டுக்கும் இரண்டு சுருள் இருக்கும், தனித்தனியாக அளந்தால் ஒவ்வொன்றும் 50 ஓம் பக்கம் காட்டும், அதுவும் சரிதான். கடைசியாக, எலிமென்ட்டின் ஒரு முனைக்கும் தகரப் பெட்டிக்கும் நடுவில் அளந்து பாருங்கள். அங்கே எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் சுருள் தொங்கி மெஷினின் உடம்பில் படுகிறது என்று அர்த்தம், டிபி போர்டில் மின்கசிவைக் கண்டால் வெட்டுகிற எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் அடிக்கடி விழும், அந்த எலிமென்ட்டை மறுபடி மாட்டவே கூடாது.

உம்லாங்கா 4031

இவ்வளவு எதுக்கு? கட்-அவுட்தான் போயிருக்குன்னா அதோட ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்திடுங்க, சூடு வந்துடும். ஊர்ல எங்க மாமா கடையில எல்லாம் அப்படித்தான் செய்வாங்க.

ஸ்பேனர், ஐசிபிங்கோ

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இதை இப்படியே விட்டுவிட முடியாது. கயல், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். "சும்மா சோதனைக்கு ஒரு தடவை" என்றும் வேண்டாம், மீட்டரே பதில் சொல்லிவிடும்போது சோதனை எதற்கு?

அந்தச் சாமான் போனது தானாகக் கெட்டுப்போனதால் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் அது தன் வேலையைச் செய்துவிட்டுத்தான் போயிருக்கும். எலிமென்ட் எரிகிறபோது அதன் மேல் ஒரு குறிப்பிட்ட அளவு காற்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் மெஷினைச் செய்கிறார்கள். எலிமென்ட் தருகிற சூடு மாறாது, காற்று பாதியாகிவிட்டால் அந்தக் காற்றின் சூடேற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். டிரம்முக்குள் சுற்றியிருக்கும் பஞ்சுத்தூசி ஒரு பொறிக்குக் காத்திருக்கிற சாமான். அந்தப் பொறி வருவதற்கு முன்னால் கட்-அவுட் வெட்டியிருக்கிறது. வயரை முறுக்கிவிட்டால் அடுத்த தடவை வெட்டுவதற்கு எதுவும் இல்லை. டிரையர் ஓடும்போது வீட்டில் பெரும்பாலும் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அதே காரணத்தால்தான் கட்-அவுட்டைப் புதிதாக மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்திருக்கவும் கூடாது. காற்று எங்கே அடைத்தது என்று கண்டுபிடிக்காமல் மாட்டினால் புதியதும் சில வாரத்தில் போகும். வாடிக்கையாளர் அதே சாமானை மூன்றாவது தடவை வாங்க வரும்போதுதான் சில பேர் குழாயையே பார்க்கிறார்கள், எனக்கு இதில் எப்போதும் வருத்தம் உண்டு.

உம்லாங்கா 4031

சரி அண்ணா, புரியுது. தீப்பிடிக்கிற அளவுக்குப் போகும்னு தெரியாம சொல்லிட்டேன். கயல் அக்கா, நான் சொன்னதை விட்டுடுங்க.

டோங்காட் பாட்டி

தீ என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது, பிள்ளைகளா. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீடுகளில் அந்தத் துண்டைத் துவைத்துவிட்டு டிரையரில் போடுகிறார்கள். விளக்கு துடைக்கிற துணி, அடுப்படித் துணி எல்லாவற்றையும் சேர்த்தே போடுகிறார்கள். போடாதீர்கள். நல்லெண்ணெய் துவைத்தாலும் முழுக்கப் போவதில்லை, முகர்ந்து பார்த்தாலே தெரியும். சூடான எண்ணெய்த் துணியைக் குவித்து வைத்தால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகவே இன்னும் சூடேறும், மெஷின் நின்று சில மணி நேரம் கழித்துக்கூடப் புகையும். என் மருமகள் வீட்டில் கூடையில் மடித்து வைத்த துண்டுகள் நடுவில் கருகி இருந்ததை நானே பிரித்துப் பார்த்தேன், மேலே இருந்த துண்டு வெள்ளையாகவே இருந்தது, நாலாவது துண்டு பழுப்பு, அதற்குள் இருந்தது கரி. அந்தத் துணிகளைக் கொடியிலேயே போடுங்கள், வாடை வந்தாலும் பரவாயில்லை.

கரண்ட் போனாலோ அவசரத்துக்கு நடுவில் நிறுத்தினாலோ சூடான துணியை அப்படியே உள்ளே விடக் கூடாது. வெளியே எடுத்து உதறிப் பரப்பிவிட வேண்டும்.

கயல், சாட்ஸ்வொர்த்

பாட்டி, மிக்க நன்றி. எங்கள் வீட்டிலும் எண்ணெய்த் துண்டை அதில்தான் போடுவோம், இனிமேல் கிடையாது.

ஸ்பேனர் அண்ணா, திறந்துவிட்டேன்! தம்பி வீடியோ காலில் இருந்தான், பக்கத்து வீட்டு அக்கா டார்ச் பிடித்தார்கள். எலிமென்ட் 24 ஓம் காட்டுகிறது. பெட்டிக்கும் எலிமென்ட்டுக்கும் நடுவில் எதுவும் காட்டவில்லை. வட்டச் சாமான் இரண்டு இருந்தன. காற்றுக் குழாய் பக்கம் இருப்பது பீப் அடிக்கிறது. எலிமென்ட் பெட்டி மேலேயே திருகியிருப்பது அடிக்கவில்லை, பொத்தானும் இல்லை, அதன் ஒரு கால் பக்கம் தகரம் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கிறது. பெட்டியைச் சுற்றி உள்ளே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி பஞ்சுத்தூசி படிந்திருக்கிறது. ஃபில்டரைத் தவறாமல் சுத்தம் செய்தும் உள்ளே இவ்வளவு எப்படி வந்தது?

ஸ்பேனர், ஐசிபிங்கோ

அருமை தங்கச்சி, முறையாகச் செய்திருக்கிறீர்கள். எலிமென்ட் நன்றாக இருக்கிறது. கட்-அவுட் போயிருக்கிறது. புதிய மெஷின் வாங்கச் சொன்னவரின் பேச்சை மறந்துவிடுங்கள்.

ஃபில்டர் எல்லாத் தூசியையும் பிடிப்பதில்லை, ஓரத்து ரப்பர் தேய்ந்திருந்தாலோ வலையில் பொடி ஓட்டை இருந்தாலோ இன்னும் மோசம். ஃபில்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துணிக்குப் போடுகிற மென்மைத் திரவம் வலைமேல் கண்ணுக்குத் தெரியாமல் படலமாகப் படியும், அதில் தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் குளமாக நிற்கும். அப்படியிருந்தால் வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டுப் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேயுங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள், ஊதாதீர்கள், ஊதினால் மோட்டாருக்குள் போய் உட்காரும். எலிமென்ட் சுருளில் குழாய் முனை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமான் வாங்கும்போது பழைய கட்-அவுட்டின் தகட்டில் பொறித்திருக்கும் வெப்ப எண்ணும் ஆம்பும் அப்படியே இருக்க வேண்டும். "இது கொஞ்சம் கூடத் தாங்கும்" என்று கடையில் யாராவது வேறு எண்ணைக் கொடுத்தால் வாங்காதீர்கள். மாடல் எண் கதவின் உள்விளிம்பிலோ பின்தகட்டிலோ ஒட்டியிருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டு போனால் பேச்சே மிச்சம். முடிந்தால் பக்கத்தில் இருக்கும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். அது ஆறிய நிலையில் பீப் அடிக்கிறது என்பது அது சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும், சூடேறும்போது பிரிகிறதா என்பதைச் சொல்லாது. உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டால் சூடு ஏறிக்கொண்டே போய் மறுபடி கட்-அவுட்தான் பலியாகும். நிறம் மாறிய இடத்தில் வயர் முனையில் இருக்கும் கனெக்டரையும் பாருங்கள், தளர்ந்து கருகியிருந்தால் அதை வெட்டிவிட்டுச் சூடு தாங்குகிற வகையில் புதிது போட வேண்டும். நம் கரையோரக் காற்றில் உப்பு அதிகம், இங்கே ஐசிபிங்கோவில் வருகிற மெஷின்களில் இந்த முனைகள் பச்சையும் துருவுமாகத்தான் வருகின்றன. அது இறுக்கமாக உட்காராவிட்டால் அந்த இடமே தனி எலிமென்ட்டாகச் சூடாகும்.

ஆனால் மாட்டுவதற்கு முன்னால் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். சுவருக்கு வெளியே குழாய் முடிகிற இடத்துக்குப் போங்கள். மெஷினைச் சுவரோடு தள்ளி வைத்ததில் குழாய் நசுங்கியிருக்கலாம், நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கியிருக்கலாம். வெளிமூடி திறக்காமல் ஒட்டியிருக்கலாம். மெஷினை வெறும் காற்றில் ஓடவிட்டு வெளியே கையை வைத்தால் காற்று தள்ளுவது நன்றாகத் தெரிய வேண்டும். லேசாக மூச்சு விடுகிற அளவுக்குத்தான் வருகிறது என்றால் அடைப்பு இன்னும் இருக்கிறது. வாரக்கணக்கில் துணி காயாமல் இருந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் கிடைக்கும்.

மிட்ராண்ட்வாசி

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஹீட் பம்ப் டிரையர், குழாயே கிடையாது. துணி எடுக்கும்போது வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, பழைய மெஷினில் கை சுடும். இதுவும் எலிமென்ட் பிரச்சினையா? மீட்டர் சோதனையில் வேகமாகவும் சிமிட்டவில்லை.

ஸ்பேனர், ஐசிபிங்கோ

இல்லை, அதன் இயல்பே அப்படித்தான். பிரிட்ஜில் இருப்பது போல ஒரு கம்ப்ரஸர் வைத்துச் சூட்டைச் சுற்றவிடுகிற மெஷின் அது. குறைந்த சூட்டில் நீண்ட நேரம் காயவைக்கும், மின்சாரமும் எலிமென்ட் வகையைவிட நன்றாகவே குறைவு, அதனால் சிமிட்டலும் குறைவாகத்தான் இருக்கும். துணி கடைசியில் காய்ந்து வருகிறதா? வந்தால் பழுதே இல்லை. வராவிட்டால் ஃபில்டர்களையும் கீழே கதவுக்குப் பின்னால் இருக்கும் தகட்டு மடிப்புகளையும் சுத்தம் செய்யுங்கள், டிரம் உள்ளே இரண்டு உலோகப் பட்டை இருக்கும், ஈரத்தை அளப்பது அதுதான், அதைத் துணியில் வினிகர் தொட்டுத் துடையுங்கள். அதற்கு மேல் நீங்களே கை வைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் வாயு அடைபட்ட குழாயில் இருக்கிறது, பல புதிய மெஷின்களில் அது எரியக்கூடிய புரோப்பேன்.

மிட்ராண்ட் உள்நாடு, உங்கள் பக்கம் குளிர்காலம் வறண்டதுதானே, அப்போது கொடியில் போட்டாலே மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். கரையோரத்தில் இருக்கிற எங்களுக்குத்தான் இந்தப் பாடு.

கயல், சாட்ஸ்வொர்த்

கிடைத்துவிட்டது! குழாய் முடிகிற இடத்தில் மூடி உடைந்து விழுந்து எவ்வளவு நாளாயிற்றோ, உள்ளே மைனா கூடு. வீட்டுப் பின்பக்கம் வாழைமரம் மறைத்துக்கொண்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. கம்பியை வளைத்து இழுத்தோம், காய்ந்த புல், சிப்ஸ் பாக்கெட் துண்டு, சிவப்பு நூல், அதோடு எங்கள் வீட்டுப் பஞ்சுத்தூசியே மெத்தை மாதிரி ஈரமாக இறுகி ஒரு முழு நீளத்துக்கு வந்தது. முட்டையோ குஞ்சோ இல்லை, பழைய கூடு. அதையெல்லாம் எடுத்த பிறகு வெறும் காற்றில் ஓடவிட்டால் வெளியே வாழை இலை ஆடுகிறது.

கட்-அவுட்டும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பாக்கெட்டில் கிடைத்தன, எண் அப்படியே. கருகிய கனெக்டரைத் தம்பியின் நண்பர் ஒருவர் வந்து மாற்றிக் கொடுத்தார். நேற்று ராத்திரி ஓடவிட்டோம், பிள்ளைகள் மறுபடி மீட்டர் முன்னால் உட்கார்ந்து எண்ணினார்கள், 41. யூனிஃபார்ம் முக்கால் மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. மாமனாரின் வேட்டியும் முதல் சுற்றிலேயே காய்ந்துவிட்டது.

ஒன்றே ஒன்று இன்னும் உறுத்துகிறது. ஓடி முடித்ததும் பிளக்கைத் தொட்டேன், நல்ல சூடு. கையை எடுத்துவிட வேண்டியிருந்தது. அதுவும் சாதாரணம்தானா?

ஸ்பேனர், ஐசிபிங்கோ

மனம் குளிர்ந்தது தங்கச்சி. ஆனால் பிளக் விஷயம் சாதாரணம் இல்லை, அதை முடிக்கும் வரை டிரையரை ஓடவிடாதீர்கள்.

2300 வாட் என்றால் 10 ஆம்ப், மோட்டாரையும் சேர்த்தால் 11 பக்கம். நம்முடைய மூன்று உருண்டைக் கால் பிளக் 16 ஆம்ப் தாங்கும், ஆகவே லேசான வெதுவெதுப்பு வரலாம், கை எடுக்க வைக்கிற சூடு வரக் கூடாது. டிரையர் மல்டிபிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் வயரிலோ மாட்டியிருந்தால் அதைத் தூக்கிவிட்டு நேராகச் சுவர்ச் சாக்கெட்டில் மாட்டுங்கள். நேராகத்தான் மாட்டியிருக்கிறது என்றால் பிளக்கை வெளியே எடுத்துத் திறந்து உள்ளே இருக்கும் மூன்று திருகும் இறுக்கமாக இருக்கிறதா, வயர் முனை கருகியிருக்கிறதா என்று பாருங்கள். கருகியிருந்தால் கருகிய பகுதியை வெட்டிவிட்டு நல்ல பித்தளைக் கால் வைத்த புதிய பிளக் போடுங்கள். பழுப்பு வயர் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். பிளக் சரியாக இருந்தும் சூடு வந்தால் சாக்கெட்டின் உள்பிடி தளர்ந்திருக்கிறது. பிளக்கை உருவும்போது எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வரும், அதுதான் அடையாளம். சாக்கெட்டை நீங்கள் தொட வேண்டாம், பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸில் முதலில் கேட்பதே அந்தத் தாள்தான்.

கயல், சாட்ஸ்வொர்த்

மல்டிபிளக்கில்தான் இருந்தது அண்ணா, வாஷிங் மெஷினும் அதிலேயே. இப்போதே பிரித்துவிட்டேன், நேராக மாட்டி ஒரு சுற்று ஓடவிட்டால் பிளக் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. வெளியே மைனா மறுபடி வராமல் இருக்க மெல்லிய கொசுவலை கட்டிவிடலாமா என்று கேட்கிறார்கள்.

ஸ்பேனர், ஐசிபிங்கோ

வலை வேண்டவே வேண்டாம். மெல்லிய வலையில் பஞ்சுத்தூசி படிந்து சில வாரத்தில் மறுபடி அடைத்துவிடும். காற்று தள்ளும்போது திறந்து, நின்றதும் தானாக விழுந்து மூடிக்கொள்கிற மூடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அதைப் போடுங்கள். மைனாவுக்கு இன்னும் கூடு கட்டும் பருவம் முடியவில்லை, இந்த வாரமே போட்டுவிட்டால் நல்லது. போகும்போது குழாயின் குறுக்களவை அளந்துகொண்டு போங்கள், பெரும்பாலும் 100 மில்லிமீட்டர் இருக்கும்.